பெரியம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

“பெரிம்மா நம்ம சொந்தம்னா, பெரிம்மாவோட பொண்ணு ஏன் நம்ம வீட்டுல இல்ல?”

என் ஐந்து வயது மகள் இதைக் கேட்டபோது அவளுடைய பாலர் பள்ளிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். “அம்மா அப்புறமா சொல்றேன்” என்றேன். அவளும் நம்பிப் போய்விட்டாள். அந்த ‘அப்புறம்’ இன்னும் வரவில்லை. காலையில் அவள் சட்டையில் கை வைக்கும்போதெல்லாம் இன்றைக்கு மறுபடியும் கேட்டுவிடுவாளோ என்று பட்டன்களை வேகமாகப் போட்டுவிடுகிறேன். அவள் கேட்காமலே ஓடிவிட்டால், மறந்துவிட்டாளா, கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாளா என்று அதற்கும் ஒரு கவலை.

அவள் பெரியம்மா என்று அழைப்பவர் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. எங்கள் வீட்டில் தங்கி அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஏஜென்ட் மூலமாகக் கடல் கடந்து இங்கே வேலைக்கு வந்தவர். என்னைவிட மூத்தவர். வந்த அன்றைக்கு என்னை “மேடம்” என்றார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “மேடம்லாம் வேணாங்க்கா, நாங்களும் தமிழாளுங்கதான்” என்றேன். தமிழாக இருப்பதற்கும் மேடமாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யோசிக்கவில்லை. நான் அக்கா என்று கூப்பிட்டேன். மகளுக்குப் பெரியம்மா என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நாள் தடுமாறிவிட்டு என்னைப் “பாப்பாம்மா” என்று அழைக்க ஆரம்பித்தார். எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது.

எங்கள் வீடு கிள்ளானில், ஓர் அடுக்குமாடியில். என் கணவருக்குப் போர்ட் கிள்ளானில் வேலை. கண்டெய்னர் லோரிகளை எங்கே எப்போது அனுப்புவது என்று பார்க்கிற பிரிவு, ஷிப்டு முறை. நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சமூகவியல் எடுக்கிறேன். கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். ரயில் தாமதமாகும் நாட்களில் நடைமேடையில் நின்று அக்காவுக்குச் செய்தி அனுப்புவேன். “நீங்க பதறாம வாங்க பாப்பாம்மா, பாப்பா சாப்ட்டாச்சு” என்று குரல்பதிவு வரும். அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராகும். அக்கா இல்லாமல் நான் வேலைக்குப் போக முடியாது. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புலம்பெயர்வு பற்றிய பாடம் வரும்போது வெள்ளைப் பலகையில் ஒரு சங்கிலி வரைவேன். ஒருத்தி வேலைக்குப் போக, அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏழை நாட்டிலிருந்து இன்னொருத்தி வருகிறாள். அவளுடைய பிள்ளையை ஊரில் தங்கையோ தாயோ பார்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கண்ணியாகக் கீழே போகப் போக ஊதியம் சுருங்கும். கடைசிக் கண்ணியில் ஊதியமே கிடையாது, பாசம் என்று பெயர் மட்டும் இருக்கும். இதை நான் நன்றாகவே விளக்குவேன். இந்தப் பருவத்தில் ஒருநாள் வகுப்பு முடிந்து பலகையை அழித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“மிஸ், உங்க பேபிய யாரு மிஸ் பாத்துக்கிறா?”

“வீட்ல ஒரு அக்கா இருக்காங்க.”

“சொந்த அக்காவா?”

“இல்ல… ஆனா சொந்தம் மாதிரி.”

“அந்த ‘மாதிரி’ய பலகைல எங்க மிஸ் போடுறது?”

அவளுடைய தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் குத்திக் காட்டவில்லை, வேடிக்கைக்குத்தான் கேட்டாள். ஆனால் அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களை இங்கே நாங்கள் ஊர்க்காரங்க என்போம். என் கணவர் வழியில் ரயில்வேக்கு வந்தவர்கள், என் அம்மா வழியில் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள். கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள், விமானத்தில் வருகிறவரைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் அப்படிச் சொல்கிறோம். முடிவெட்டும் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பெயர். சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் நீச்சல் குளம் உள்ள கட்டடத்தில் இருப்பவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாம், அவருடைய விசா அதற்கு இடம் கொடுக்கிறது. அக்காவின் வீட்டு வேலை பெர்மிட் இடம் கொடுக்காது. இருவரும் ஒரே விமானத்தில்கூட வந்திருக்கலாம்.

என் மகளின் கேள்விக்கு இதைப் பதிலாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவள் பெர்மிட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “சொந்தம்னா” என்று ஆரம்பித்தாள். அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது நான்.

அக்காவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அக்காவின் கணவர் இறந்துவிட்டார். அந்தப் பெண் சித்தி வீட்டில், அதாவது அக்காவின் தங்கை வீட்டில், இருக்கிறாள். மாலையில் அக்கா வீடியோ காலில் அவளோடு பேசுவார். என் மகள் எங்கிருந்தாலும் ஓடிவந்து அவர் மடியில் ஏறி, திரையில் தெரிகிற அந்தப் பெண்ணைக் கூப்பிடுவாள். “அக்கா, இங்க பாருங்க என் பல்லு ஆடுது!” அந்தப் பெண் அழகாகச் சிரிப்பாள். “எங்க காட்டு, ஆ சொல்லு” என்பாள். இரண்டு பிள்ளைகளும் பேசுவதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும். நான் தேநீரோடு சோபாவில் உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருப்பேன்.

பெர்மிட் புதுப்பிக்கும் காலம் வந்தது. என் கணவர் அதை அக்காவிடம் சொன்ன மறுநாள், நான் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பாப்பாம்மா, சார் பெர்மிட்டு விசயம் சொன்னாக. நா இருக்கவா, ஊருக்குப் போகவா? நீங்க படிச்சவுக, நீங்களே ஒரு யோசனை சொல்லுங்க.”

“உங்களுக்கு எப்படித் தோணுதுக்கா?”

“எனக்குத் தோணுனா உங்ககிட்ட ஏன் கேக்குறேன்?” என்று சிரித்துவிட்டு என் கையிலிருந்த கீரையை வாங்கி ஆயத் தொடங்கினார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவும் செய்தேன். ஆனால் எங்கிருந்து தொடங்கினாலும் என் சிந்தனை “அக்கா இருந்துவிடுவதுதான் அவருக்கு நல்லது” என்ற இடத்தில் வந்து நின்றது. அது எனக்கு வசதியான இடம் என்பதால் உடனே சந்தேகம் வந்தது. சந்தேகப்பட்டு மறுபக்கம் போனால், என்னை நல்லவள் என்று எனக்கே காட்டிக்கொள்ள அவரை அனுப்பப் பார்க்கிறேனோ என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான மேருவில் கணவர் வழி உறவினர் வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து. மண்டபம் எடுத்திருந்தார்கள். வழக்கம்போல அக்காவையும் அழைத்துப் போனோம். அக்காவைத் தனியே வீட்டில் விட்டுவிட்டுப் போவதில்லை என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவருக்கு நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த புடவை, தலையில் மல்லிகை. வாசலிலேயே கணவரின் அத்தை, “வாங்க வாங்க, நம்ம வீட்டு ஆளு நீங்க, பந்தியில உக்காருங்க” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். சொல்லிக்கொண்டே, தன் பேரக் குழந்தையை அக்காவின் இடுப்பில் வைத்தார். “சித்த நேரம் பாத்துக்குங்க, மருமக மேடையில நிக்கணும்.”

பிறகு என் மகள் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு வாண்டும் சேர்ந்துகொண்டது. நான் புகைப்படத்துக்கு நின்றுவிட்டு, மோர் எடுக்கப் பின்பக்கம் போனேன். பாத்திரங்கள் வைத்திருந்த இடத்தில் கேட்டரிங் ஆள் ஒருவர், நடுத்தர வயதுக்காரர், அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

“எந்த ஊருத்தா நீங்க?”

அக்கா ஊர்ப் பெயரைச் சொன்னார்.

“அட, நம்ம பக்கம்தான்! வீட்டு வேலையா? எப்ப லீவு உங்களுக்கு?”

“ஞாயித்துக்கெழம.”

“இன்னைக்கு ஞாயிறுதான?”

“ஆமா, இன்னைக்கு லீவுதேன்.”

அவர் அக்காவின் இடுப்பையும் முந்தானையையும் பார்த்தார். “லீவுலயே மூணு புள்ள வச்சிருக்கியளே, வேலை நாள்ல எத்தன வச்சிருப்பிய?”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் வீட்டில் அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. “சொந்தக்காரவுக வீட்டு விசேசம் அண்ணே, சும்மா உக்கார முடியுமா?” என்றார். கேலியா உண்மையா என்று அந்தக் குரலிலிருந்து எனக்குத் தெரியவில்லை. மோர் எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

அக்கா வந்ததிலிருந்து அவருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது ஒப்பந்தம். ஞாயிறு என்று நாங்கள்தான் சொன்னோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் காதுகுத்து, கல்யாணம், கோயில், அம்மா வீடு எல்லாம். ‘நீங்களும் நம்ம வீட்டு ஆள்தானே, வாங்க’ என்று கூப்பிடுவோம். அவர் வருவார். வந்த இடத்தில் குழந்தை இருக்கும். வேலைக்காரியாக மட்டும் வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிடைத்திருக்கும். பெரியம்மா ஆக்கியதால் போய்விட்டது. இப்படி ஒரு தவறை அந்நியர்கள் செய்ய முடியாது. மொழி ஒன்று, சாமி ஒன்று, முறை சொல்லிக் கூப்பிட நல்ல சொற்கள் எல்லாம் கையில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள்தான் செய்ய முடியும்.

வீட்டுக்கு வந்து, அக்கா தூங்கிய பிறகு, சுங்கை வேயில் இருக்கும் என் அம்மாவுக்கு நடந்ததைத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா அங்கே ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் சிரித்தார்.

“எங்க சூப்பர்வைசரும் அப்படித்தான் லா. ‘வீ ஆர் ஒன் ஃபேமிலி’ம்பா. ஃபேமிலி டேன்னு வச்சு சட்ட குடுப்பாங்க, சிக்கன் குடுப்பாங்க. ஓவர்டைம் கேட்டுப் போனா அந்த ஃபேமிலியக் காணோம்.”

“அப்ப நான் அந்த சூப்பர்வைசரா மா?”

“சீ, நான் அப்படிச் சொன்னேனா? லீவு குடு. அதுக்காக ஊருக்கு அனுப்பிக்கினு நிக்காத. அப்புறம் உம் பிள்ளய யாரு பாக்குறது? என்னால முடியாதுடி, முட்டி ரெண்டும் போச்சு.”

அடுத்த ஞாயிறு அக்காவிடம், “இன்னிக்கு நீங்க எங்கயும் எங்ககூட வர வேணாம், உங்க இஷ்டம்போல இருங்க” என்றேன். அவர் முகம் சுருங்கியது.

“ஏம் பாப்பாம்மா, நா எதும் தப்பு பண்ணிட்டேனா?”

இல்லை இல்லை என்று நான் விளக்க விளக்க அது மோசமாகிக்கொண்டே போனது. கடைசியில் கீழ்மாடியில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணோடு கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “பெரிம்மா லீவு எடுத்தா நம்ம சொந்தம் இல்லயா?” என்றாள். என் கணவர், “உன் பாடத்த அவகிட்ட நடத்து, உன் ஸ்டூடண்ட்ஸவிட நல்லா கேக்குறா” என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு மாடிக் காற்றுக்குப் போனார்.

அக்கா மாலையில் வந்தார். கண் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் வேறு ஏதோ ஒரு தெளிவு. கோயிலில் உட்கார்ந்து மகளுக்கு அழைத்தாராம்.

“இம்புட்டு நாளும் பாப்பா மடியில இருக்கும்ல. எம்புள்ள சிரிச்சுக்கிட்டே பேசும். இன்னைக்கு நா மட்டும் இருந்தேன். பேச்சே வரல, அழுதுருச்சு.”

சித்தி வீட்டில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. பரீட்சை முடிந்ததும் முடித்துவிடலாம் என்று சித்தப்பாவின் உறவில் ஒரு பையனைப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்குக் கல்லூரிக்குப் போக வேண்டும், நர்ஸிங் படிக்க வேண்டும். அம்மா ஊருக்கு வந்தால் கல்யாணத்தை நிறுத்திவிடலாம், ஆனால் படிக்க வைக்கச் சம்பாத்தியம் இருக்காது. அம்மா இங்கேயே இருந்தால் படிப்புக்குப் பணம் இருக்கும், ஆனால் படிக்க விடுவார்களா என்று தெரியாது. “வான்னும் சொல்லுது, வராதன்னும் சொல்லுது” என்றார் அக்கா.

நான் தேநீர் குடித்துக்கொண்டு ரசித்த அந்த மாலைகளில் எல்லாம், அந்தப் பெண் இதை விழுங்கிக்கொண்டு என் மகளின் ஆடும் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஹாஸ்டல்ல சேர்த்துட்டா என்னக்கா?” என்றேன்.

“தங்கச்சி இருக்கையில புள்ளைய ஹாஸ்டல்ல போட்டா, ‘நா வளக்கலயா’ன்னு கேப்பாளே. அவ ஒரு காசு வாங்குனதில்ல பாப்பாம்மா. சொந்தமுன்னு வச்சுப் பாக்குறா. அவகிட்ட நா எப்படி வாய் தொறக்கறது?”

“ஒரு மாசம் லீவுல போய்ட்டு வாங்க. பேசி நிறுத்திட்டு வரலாம்.”

“நா இருக்குற ஒரு மாசமும் சும்மா இருப்பாக. ஃப்ளைட்டு ஏறுனதும் தட்டு மாத்திருவாக.”

என் பலகையில் கடைசிக் கண்ணிக்கு நான் எப்போதும் முகம் வரைந்ததில்லை. இப்போது அங்கே ஒரு சித்தி நிற்கிறார். சம்பளமில்லாமல் ஒரு பிள்ளையை வளர்த்தவர். வளர்த்த உரிமையில் அவளுக்குக் கல்யாணம் பேசுகிறவர். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முறை சொல்லி அழைத்து ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டேன் நான். அவர் முறை சொல்லி ஒரு பெண்ணின் படிப்பை எடுத்துக்கொள்ளப் போகிறார். அளவு வேறு. வழி ஒன்றுதான் என்று படுகிறது. அல்லது, படித்ததையெல்லாம் எல்லாவற்றின் மேலும் பொருத்திப் பார்க்கிற என் தொழில் கோளாறாகவும் இருக்கலாம்.

அக்கா மறுபடியும் கேட்டார். “இப்பச் சொல்லுங்க. இருக்கவா, போகவா?”

வேலை கொடுப்பவள் இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று எனக்குப் பட்டது. என் வார்த்தைக்கு அவரிடம் எடை அதிகம். அதனால் மிகவும் கவனமாகச் சொன்னேன்: “அக்கா, இது உங்க வாழ்க்கை. நீங்களே முடிவு பண்ணுங்க. எந்த முடிவா இருந்தாலும் நான் கூட இருப்பேன்.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப போகச் சொல்றீக.”

“ஐயோ, இல்லக்கா!”

“அப்ப இருக்கச் சொல்றீகளா?”

“அதுவும் இல்ல…”

“சொந்தம்னா ‘இதச் செய்யி’ன்னு சொல்லுவாக. திட்டியாச்சும் சொல்லுவாக. ‘உன் இஷ்டம்’னு வெளியாளுககிட்டதான் சொல்றது.” கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு என் மகளின் சீருடையை இஸ்திரி போடப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதையும் அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாரோ என்று நின்றுவிட்டேன்.

இந்த நிலைமையை யாரும் தனியாக உண்டாக்கவில்லை என்று சமூகவியல் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. பெர்மிட் விதி, ஊரில் இல்லாத வேலை, இங்கே எட்டாத விலையில் இருக்கும் குழந்தைக் காப்பகம், பெண் பிள்ளை என்றால் யார் பொறுப்பு என்கிற வழக்கம், எல்லாம் சேர்ந்து செய்தது. அதை நான் நம்புகிறேன். அது புரிந்ததால்தான் அந்தச் சித்தியின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அக்கா அந்த விதிகளிடமும் வழக்கங்களிடமும் போய் யோசனை கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

அடுத்த வாரம் ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் கணவர், “அவங்க இருந்துட்டுப் படிக்க வைக்கட்டும், நாமளும் காலேஜுக்கு உதவி செய்வோம்” என்கிறார். அது நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த உதவியை நாங்கள் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அக்கா எந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே போவார்?

இதைப் படிக்கிறவர்களில் அம்மாவோ அப்பாவோ வெளிநாட்டில் வேலை பார்க்க, சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ வளர்ந்து பள்ளி முடித்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களிடம்தான் முதலில் கேட்க நினைக்கிறேன். தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் அம்மாவுக்கு யார் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்? வா என்றா, வராதே என்றா? வீட்டில் ஒருவரை வேலைக்கு வைத்து அவரை உறவு சொல்லி அழைக்கிறவர்களே, இப்படி ஒரு கேள்வி உங்களிடம் வந்தபோது உங்கள் வசதியை எப்படித் தள்ளி வைத்துவிட்டுப் பேசினீர்கள்? ஏஜென்ட் கேட்பதற்குள் எனக்கு எழுதுங்கள். என் மகள் கேட்டதற்கு, ஐந்து வயதுக்குப் புரிகிற மாதிரி ஒரு பதில் தெரிந்தால், அதையும் சேர்த்து எழுதுங்கள்.